பாடுகளின் மலர்: ஒரு தாவரப் பெயரின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளில் படர்ந்து வளரும் ஒரு கொடியின் பூ, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியக் கிறித்தவர்களால் இயேசுவின் சிலுவைப்பாட்டை எடுத்துரைக்கும் நூலாகப் படிக்கப்பட்டது. அதன் விளைவாக அக்கொடிக்கு ஐரோப்பிய மொழிகளில் 'பாடுகளின் மலர்' என்னும் பொருள்தரும் பெயர் அமைந்தது. அப்பெயரே பின்னர் 'பாஸிஃப்ளோரா' என்னும் அறிவியற் பெயராகவும், 'பேஷன் பழம்' என்னும் சந்தைப் பெயராகவும் உலகெங்கும் பரவியது. ஆயினும் பெயர் சென்ற இடமெல்லாம் பொருளும் உடன் செல்லவில்லை. சில மொழிகள் அப்பூவைக் கடிகாரமாகக் கண்டன. சில தாமரையாகக் கண்டன. சில வேறொரு காப்பியத்தை அதில் படித்தன. சில அதன் பெயரையே தவறாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்த்தன.

ஒரு சமயக் குறியீடு இயற்கைப் பொருள் ஒன்றில் எவ்வாறு ஏற்றப்படுகிறது, ஏற்றப்பட்ட குறியீடு மொழி கடக்கும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்கிறது என்பவற்றை இம்மலர்ப் பெயரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தியாகம், மீட்பு ஆகிய கருத்துகளைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் இவ்வாய்வில் தனிக் கவனம் பெறுகின்றன. பெயர்க்கும் பணியில் ஈடுபடுவோர்க்கு இங்குள்ள சிக்கல் வெறும் சொற்சிக்கல் அன்று. பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே, மூலநூலார் அப்பூவில் கண்டதைத் தமிழ் வாசகரும் காண வேண்டுமா என்னும் வினாவுக்கு அவர்கள் விடை கூறிவிடுகின்றனர்.

2. இயற்கை என்னும் நூல்

இயற்கையை இறைவன் எழுதிய இரண்டாம் நூலாகக் கருதும் மரபு கிறித்தவத்தில் பழமையானது. அகுஸ்தீன் தம் கிறித்தவப் போதனை பற்றிய நூலில், சொற்கள் மட்டுமன்றிப் பொருள்களும் குறிகளாக அமையக்கூடும் என விளக்கினார். சொல் பொருளைக் குறிக்க, அப்பொருள் மீண்டும் வேறொன்றைக் குறிக்கும் என்னும் இவ்விருபடிக் குறிப்பே இடைக்கால விவிலிய விளக்கத்திற்கும் விலங்கு நூல்களுக்கும் அடிப்படையாயிற்று.

தியாகம், மீட்பு பற்றிய இயற்கைக் குறியீடுகளை ஆராயுங்கால் அவை இருவகைப்படக் காணலாம். முதலாவது வகை, இயற்கையில் நிகழும் செயலை அடிப்படையாகக் கொண்டது. யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் கோதுமை மணியின் உவமை இதற்குச் சிறந்த சான்று. மண்ணில் விழுந்து மடியும் விதை மிகுந்த பலனளிக்கிறது என்பதே அதன் கருத்து. இங்கு விதையின் வடிவமோ பெயரோ முதன்மை பெறவில்லை; 'விழுதல்', 'மடிதல்', 'பலன்தருதல்' என்னும் வினைகளே குறியீட்டைத் தாங்குகின்றன. கோதுமை விளையாத நாட்டவர்க்கும் இவ்வுவமை விளங்கும். நெல்லை வைத்தும் கேழ்வரகை வைத்தும் அதனைச் சொல்லிவிடலாம்.

கூழைக்கடா பற்றிய குறியீடும் செயலை அடிப்படையாகக் கொண்டதே. கிறித்தவ ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த 'ஃபிசியோலோகஸ்' என்னும் நூல், இப்பறவை தன் விலாவைக் கிழித்துச் சிந்தும் குருதியால் இறந்த குஞ்சுகளை உயிர்ப்பிப்பதாகக் கூறியது. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாரின் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலிலும் கிறித்து இப்பறவையாக விளிக்கப்படுகிறார். கூழைக்கடா அலகை மார்பில் அழுத்தும் இயல்பிலிருந்து இக்கதை தோன்றியிருக்கலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இக்குறியீட்டின் விவிலியத் தொடர்பு 102ஆம் சங்கீதத்தில் உள்ளது. அங்குள்ள எபிரேயச் சொல் எப்பறவையைக் குறிக்கிறது என்பது ஐயத்திற்குரியது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கூழைக்கடாவாகக் கொண்டது. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழிபெயர்ப்பு அதை நாரையாக்கியது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூழைக்கடாவைக் கண்டு பழகிய தமிழ் வாசகர், பலிபீடத்தில் செதுக்கப்பட்ட பறவையையும் சங்கீதத்தில் வரும் பறவையையும் ஒன்றாகக் காண வழியில்லை. எனினும் 'தன் குருதியால் குஞ்சுகளைக் காத்தல்' என்னும் செயல் சொல்லப்பட்டவுடன் குறியீடு அவருக்கும் விளங்கிவிடுகிறது.

இரண்டாவது வகை, செயலையன்றி வடிவத்தையும் எண்ணையும் அடிப்படையாகக் கொண்டது. தாவரத்தின் புறவடிவமே அதன் பயனையும் பொருளையும் காட்டும் முத்திரை என்னும் கொள்கை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஜாம்பாட்டிஸ்டா தெல்லா போர்ட்டா 1588இல் இக்கொள்கையைத் தாவரங்களுக்கு விரிவாகப் பொருத்தி நூல் எழுதினார். பாடுகளின் மலர் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அது கிறித்தவக் குறியீடாக வளர்ந்ததும் இக்காலத்திலேயே.

3. பழப்பெயரிலிருந்து பாடுகளின் பெயருக்கு

இக்கொடியைப் பற்றிய தொடக்ககால ஐரோப்பியக் குறிப்புகளுள் ஒன்று, பேத்ரோ சியேசா தெ லியோன் எழுதிப் 1553இல் செவில் நகரில் வெளியான பெரு நாட்டு வரலாற்றில் காணப்படுகிறது. அவர் அதனைப் பழமாகவே அறிந்திருந்தார். ஸ்பானியர் அதற்கு இட்ட பெயர் 'கிரனதில்யா'. மாதுளையைக் குறிக்கும் 'கிரனாதா' என்னும் சொல்லின் குறுமை வடிவம் இது. 'சிறு மாதுளை' எனப் பொருள்படும். புதிய நாட்டின் பழத்தைத் தம் நாட்டுப் பழத்தின் பெயரால் அழைத்தல் குடியேறியோர் மொழிகளில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும்.

அந்நிலத்து மக்கள் இதற்கு வேறு பெயர்களை வைத்திருந்தனர். பிரேசிலின் துப்பி மொழிச் சொல்லே போர்த்துக்கீசிய மொழியில் 'மரகுஜா' எனவும், ஸ்பானிய மொழியில் 'மரகுயா' எனவும் இன்றும் வழங்குகிறது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் 'மரகாக்' என்னும் சொல்லை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் குடியேறிகள் பதிவு செய்தனர். இன்று அமெரிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'மேபாப்' என்பது இதன் திரிபு என அகராதிகள் கருதுகின்றன.

பழத்திலிருந்து பூவிற்குப் பார்வை திரும்பியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். செவில் நகர மருத்துவரும் அமெரிக்காவுக்கு ஒருபோதும் செல்லாதவருமான நிக்கொலாஸ் மொனார்தெஸ், அமெரிக்க மருந்துப் பொருள்கள் பற்றிய தம் நூலில் இப்பூ பாடுகளின் கருவிகளை ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். பெருவில் பல ஆண்டுகள் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஹொசே தெ அகோஸ்தா, 1590இல் வெளியிட்ட இந்திய நாடுகளின் இயற்கை, ஒழுக்க வரலாற்றில் இதையே சற்று நிதானத்துடன் கூறினார். ஆணிகளும் கற்றூணும் கசைகளும் முள்முடியும் காயங்களும் அப்பூவில் இருப்பதாகப் பலர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு என்றும், ஆனால் அவை அனைத்தையும் அதில் காண்பதற்குச் சிறிது பக்தியின் துணையும் வேண்டும் என்றும் அவர் எழுதினார். பூவை நேரில் கண்ட துறவியின் இக்கூற்று குறியியல் நோக்கில் மிகவும் பெறுமதியுடையது. ஒப்புமை பொருளில் ஓரளவும் பார்ப்பவரிடம் ஓரளவும் உள்ளது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இக்குறியீட்டை விரிவான விளக்கமாக வளர்த்தெடுத்தவர் மால்டா சபையின் வரலாற்றாசிரியரான ஜாக்கொமோ போசியோ. இவர் 1610இல் உரோமையில் வெளியிட்ட திருச்சிலுவை பற்றிய பெருநூலில் இம்மலருக்குத் தனியிடம் அளித்தார். மெக்சிகோவிலிருந்து வந்த அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவர் காட்டிய படமே அவருக்கு முதற்சான்று. நம்புதற்கரிய செய்தியாகத் தோன்றியமையால் அவர் முதலில் தயங்கினார். வேறு சான்றுகளும் படங்களும் கிடைத்த பின்னரே அதனை ஏற்றார். 1609இல் பொலோஞா நகரிலும் இம்மலர் பற்றிய வெளியீடு ஒன்று தோன்றியது. அக்காலப் படங்களில் உண்மையான ஆணிகளும் முட்களால் பின்னிய முடியும் பூவின் நடுவே வரையப்பட்டிருந்தன. ஓவியர் வரைந்தது பூவையன்று. பூவைப் பற்றிய விளக்கத்தையே வரைந்தனர். அப்படத்தைக் கண்டோர் பின்னர்ப் பூவையும் அவ்வாறே கண்டனர்.

போசியோவின் விளக்கத்தில் இன்னொரு செய்தியும் உள்ளது. பூ முழுதும் விரியாமல் மூடிய மணி போன்றிருத்தலை அவர் குறிப்பிட்டு, சிலுவையின் மறைபொருள் அந்நாட்டு மக்களுக்கு உரிய காலம் வரும்வரை மறைந்திருக்க வேண்டும் என்னும் இறைத்திட்டத்தை அது காட்டக்கூடும் என்றார். அந்நிலத்து மக்கள் பல தலைமுறைகளாக உண்டும் பயிரிட்டும் பெயரிட்டும் வந்த கொடி, இவ்விளக்கத்தில் அவர்களுக்கே விளங்காத நூலாயிற்று. அதைப் படிக்கும் உரிமை புதிதாக வந்தோரிடம் சென்றது. சமயப் பரப்பும் ஆட்சிப் பரப்பும் ஒன்றாய் நடந்த காலத்தில் பெயரிடுதல் என்பது உரிமை கொள்ளுதலுமாகும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

4. குறியீட்டின் அமைப்பு

இம்மலரில் ஐந்து புல்லிதழ்களும் ஐந்து அல்லிதழ்களும் ஏறத்தாழ ஒத்த தோற்றமுடையவை. அவற்றிற்கு உள்ளே நூலிழை போன்ற உறுப்புகள் வட்டமாய்ச் சூழ்ந்துள்ளன. நடுவில் எழும் தண்டின்மேல் ஐந்து மகரந்தப்பைகளும், அவற்றிற்கு மேல் சூற்பையும், மூன்றாகப் பிரியும் சூலகமுடிகளும் உள்ளன. கொடியில் சுருளும் பற்றுக்கம்பிகள் உண்டு. இவ்வுறுப்புகளுக்குப் பிற்காலத்தில் நிலைபெற்ற பொருள்கோள் பின்வருமாறு:

(அ) பத்து இதழ்கள்: மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் நீங்கலான பத்துத் திருத்தூதர்கள்.
(ஆ) இழைவட்டம்: முள்முடி.
(இ) நடுத்தண்டு: இயேசு கட்டுண்ட கற்றூண்.
(ஈ) ஐந்து மகரந்தப்பைகள்: ஐந்து திருக்காயங்கள்.
(உ) மூன்று சூலகமுடிகள்: மூன்று ஆணிகள்.
(ஊ) பற்றுக்கம்பிகள்: கசைகள்.
(எ) கூர்ந்த இலை: விலாவைக் குத்திய ஈட்டி.

இப்பட்டியல் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருக்கவில்லை. போசியோவின் விளக்கத்தில் குருதி தோய்ந்தவை போன்ற இழைகள் கசையைக் குறித்தன; முள்முடி தண்டைச் சூழ்ந்ததாகக் கூறப்பட்டது; பூவின் நடுவிலுள்ள ஐந்து செம்புள்ளிகளே காயங்களாயின. பின்வந்தோர் கசையைப் பற்றுக்கம்பிகளுக்கும், காயங்களை மகரந்தப்பைகளுக்கும் மாற்றினர். குறிப்பான்கள் மாறினும் குறிக்கப்பட்டவை பெரும்பாலும் மாறவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. இதற்குக் காரணம் உண்டு. ஆணி, கசை, தூண், ஈட்டி, முள்முடி ஆகியவை 'கிறித்துவின் படைக்கலங்கள்' என்னும் பெயரில் இடைக்கால ஓவியத்திலும் பக்தியிலும் முன்பே ஒரு தொகுதியாக நிலைபெற்றிருந்தன. பூவைப் பார்த்தபின் அப்பட்டியல் உருவாகவில்லை. பட்டியலோடு வந்தவர்கள் பூவில் அதற்கு இடம் தேடினர்.

எல்லா இணைப்புகளும் ஒரே வலிமையுடையன அல்ல. மூன்று ஆணிகளும் ஐந்து காயங்களும் எண்ணாலும் இடத்தாலும் இயல்பாகப் பொருந்துகின்றன. முடியும் தூணும் வடிவத்தால் பொருந்துகின்றன. ஆனால் பன்னிருவரைப் பதின்மராக்கியது இதழ்களின் எண்ணிக்கையே. கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காகக் குறிக்கப்படும் பொருளே இங்குத் திருத்தப்பட்டது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பட்டியலில் உள்ளவை ஏறத்தாழ முற்றிலும் துன்பத்தின் கருவிகளும் வடுக்களுமாகும். மீட்பைக் குறிக்கும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. கோதுமை மணியின் உவமையில் மடிதலும் பலன்தருதலும் ஒரே வினைத்தொடரில் அமைய, மலர்க்குறியீட்டில் துன்பம் மட்டுமே கண்ணுக்குப் புலனாகிறது. மீட்பைப் படிப்பவரே கொணர வேண்டியுள்ளது. செயலைச் சார்ந்த குறியீட்டிற்கும் வடிவத்தைச் சார்ந்த குறியீட்டிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. முன்னது கதையைத் தன்னுள் கொண்டது. பின்னது கதையை முன்பே அறிந்தவரை வேண்டி நிற்பது. ஆதலின் பின்னதற்குப் பெயரின் துணை இன்றியமையாததாகிறது.

5. மறுப்பும் அறிவியற் பெயரும்

இவ்விளக்கத்தை எல்லாக் கிறித்தவரும் ஏற்கவில்லை. இலண்டன் நகர மருந்தாளரும் தாவர நூலாருமான ஜான் பார்க்கின்சன், 1629இல் வெளியிட்ட தோட்டநூலில் இதனை இயேசு சபையினரின் மூடநம்பிக்கை எனக் கடுமையாக மறுத்தார். அவர் 'மரகாக்' என்னும் அமெரிக்கப் பெயரையே கையாண்டதோடு, ஆணியும் முடியும் வரையப்பட்ட படத்தையும் அச்சிட்டு அதன் பொய்ம்மையைக் காட்டினார். அவர்க்கு அந்நிலத்து மக்களின் சொல், இயேசு சபையினர் வழங்கிய பெயரினும் ஏற்புடையதாயிற்று. சமயப் பூசலின் விளைவாகவே ஒரு பழங்குடிப் பெயர் ஆங்கில நூலில் இடம்பெற்றது எனலாம்.

ஆயினும் வென்றது பாடுகளின் பெயரே. கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர இனங்கள் பற்றிய நூலில் இப்பேரினத்திற்குப் 'பாஸிஃப்ளோரா' எனப் பெயரிட்டார். முன்னோர் வழங்கிய 'ஃப்ளோஸ் பாஸியோனிஸ்' என்னும் இலத்தீன் தொடரை ஒரே சொல்லாகச் சுருக்கியதே இது. அவரும் லூத்தரன் நாட்டவரே. ஆனால் அவர்க்குப் பெயர் என்பது விளக்கம் அன்று, அடையாளமே. ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்களுக்கு இன்று இப்பெயர் பொதுவாக வழங்குகிறது. தோற்றத்தில் காரணப்பெயராக இருந்த சொல், வகைப்பாட்டியலில் இடுகுறிப்பெயரின் நிலையை எய்திற்று.

லின்னேயஸ் இட்ட இனப்பெயர்களுள் 'இன்கார்னாட்டா' என்பது மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்குரியது. தாவரவியல் இலத்தீனில் அதன் பொருள் 'ஊன் நிறமுடைய' என்பது. இறையியல் இலத்தீனில் அதே சொல் 'ஊன் உடலெடுத்த' என்னும் பொருளில் மனுவுருவாதலைச் சுட்டும். ஒரே வடிவம், இரு துறை, இரு பொருள். துறையறிந்து பெயர்க்காவிடில் பிழை நேரும்.

6. பிற மொழிகளில் பெயர்

பாடுகளின் கதை அறிமுகமாயிராத அல்லது முதன்மை பெறாத மொழிச் சமூகங்கள் இப்பூவைத் தம் கண்ணால் கண்டு பெயரிட்டன. அப்பெயர்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, கடிகாரப் பெயர்கள். ஜப்பானிய மொழியில் 'தொக்கேய்சோ' என்பது கடிகாரச் செடி எனப் பொருள்படும். தற்கால எபிரேயத்தின் 'ஷஓனித்', பாரசீகத்தின் 'குலே சாஅத்தி', கிரேக்கத்தின் 'ரொலொயா' ஆகியனவும் கடிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டவை. வட்டத் தட்டும் அதன்மேல் விரிந்த முள்களும் இவர்களுக்குத் தெரிந்தன. ஆணியாகப் படிக்கப்பட்ட அதே மூன்று சூலகமுடிகள் இங்குக் கடிகார முள்களாயின. கிரேக்கம் கிறித்தவ மரபில் ஊறிய மொழியாயிருந்தும் கடிகாரப் பெயரை ஏற்றமை, பெயரீட்டைச் சமயம் மட்டும் உறுதி செய்வதில்லை என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது, சக்கரப் பெயர். துருக்கிய மொழியின் 'சார்க்கிஃபெலெக்' பாரசீக வழி வந்த தொடர். விண்சக்கரம், ஊழின் சக்கரம் என்பன அதன் பொருள்.

மூன்றாவது, அணி, தாமரை முதலியவற்றோடு ஒப்பிட்ட பெயர்கள். வங்க மொழியில் இது 'ஜும்கோலதா', அதாவது சிமிக்கிக் கொடி. இந்தியில் ராக்கி என்னும் காப்புக்கயிற்றின் பெயரால் 'ராக்கி பூ' என்னும் வழக்கு உண்டு. சீனத்தில் 'சிஃபான்லியன்' என்பது மேலைநாட்டுத் தாமரை எனப் பொருள்தரும்.

நான்காவது, பழத்தை வைத்து எழுந்த பெயர்கள். வியத்நாமிய மொழியின் 'சான் சாய்' கொடி எலுமிச்சை எனப் பொருள்படும். இலங்கைத் தமிழில் வழங்கும் 'கொடித்தோடை' இதற்கு முற்றிலும் இணையானது. தோடை என்பது அங்கு ஆரஞ்சு வகையைக் குறிக்கும் சொல்லாதலின் கொடியில் காய்க்கும் தோடை எனப் பெயர் அமைந்தது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே வழியில் சென்றுள்ளன. ஸ்பானியரின் 'சிறு மாதுளை'யும் இவ்வகையே.

ஐந்தாவது, ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தவை. இவ்வகையில் சீனம் இருவேறு தீர்வுகளைக் காட்டுகிறது. 'பாய்சியாங்குவோ' என்பது ஆங்கில ஒலியைத் தழுவியதோடு 'நூறு மணமுள்ள பழம்' என்னும் புதுப்பொருளையும் தருகிறது. 'ரெச்சிங்குவோ' என்பதோ 'பேஷன்' என்னும் சொல்லை வேட்கை, உணர்ச்சிப்பெருக்கு என்னும் தற்காலப் பொருளில் கொண்டு பெயர்த்தது. முன்னது பொருளை விட்டு ஒலியைக் காத்தது. பின்னது பொருளைக் காக்க முயன்று வேறு பொருளைப் பற்றிக்கொண்டது. சிலுவையில் தொடங்கிய பெயர் வேட்கையில் முடிந்தது.

7. கிருஷ்ண கமலம்

இந்தியாவில் இம்மலர் பெற்ற பெயர்களுள் மிகவும் ஆராயத்தக்கது மராத்தியிலும் பிற இந்திய மொழிகளிலும் வழங்கும் 'கிருஷ்ண கமலம்' என்பதாகும். இது பெயரளவில் நிற்கவில்லை. உறுப்புதோறும் பொருள்கொள்ளும் விளக்கத்தோடு வழங்குகிறது. சூழ்ந்துள்ள இழைகள் நூறு கௌரவர்; ஐந்து மகரந்தப்பைகள் பாண்டவர் ஐவர்; மேலுள்ள மூன்று சூலகமுடிகள் மும்மூர்த்திகள்; நடுவிடம் கண்ணன் அல்லது திரௌபதி எனச் சொல்வோரிடையே சிறுசிறு வேறுபாடுகள் உண்டு.

இப்பெயர் சுட்டும் பெருமலர் இனங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆதலின் இவ்விளக்கம் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. பாரதக் கதை தொன்மையானது. அதைப் பூவில் படித்தல் புதியது.

கிறித்தவ விளக்கத்தையும் பாரத விளக்கத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டிலும் அமைப்பிடங்கள் ஒன்றே என்பது புலனாகும். ஐந்து, மூன்று, பல என்னும் எண் இடங்கள் இரண்டிலும் நிரப்பப்படுகின்றன. பாரத விளக்கத்தில் இழைகள் ஏறக்குறைய நூறெனக் கொள்ளப்படுவது, கிறித்தவ விளக்கத்தில் பன்னிருவர் பதின்மரானதை ஒத்த கணக்குச் சரிக்கட்டலே. ஒரே தொடரமைப்பில் வேறு சொற்களைப் பெய்தாற்போல, ஒரே பூவமைப்பில் இரு பெருங்கதைகள் பெய்யப்பட்டுள்ளன. ஒன்று மற்றொன்றைக் கேட்டு எழுந்ததா, தனியே எழுந்ததா என்பது எவ்வாறாயினும், இரண்டும் ஒரே வகை வாசிப்பின் விளைவுகள். ஒன்றில் நூற்றுவர் அழியும் போரும், மற்றொன்றில் ஒருவர் பலியாகும் துன்பமும் படிக்கப்படுகின்றன. எனவே 'பேஷன் மலர்' வரும் கிறித்தவப் பனுவலில் 'கிருஷ்ண கமலம்' எனப் பெயர்த்தால் தாவரம் சரியாக இருக்கும், கதை மாறிவிடும்.

8. பாடு, மீட்பு: தமிழ்ச் சொற்கள்

'பாஸியோ' என்னும் இலத்தீன் பெயர்ச்சொல் 'பாத்தி' என்னும் வினையிலிருந்து பிறந்தது. அவ்வினையின் பொருள் 'உறுதல், படுதல், துன்புறுதல்' என்பது. பின்னாளில் உள்ளம் உறும் உணர்ச்சி என்னும் பொருள் வளர்ந்து, அதுவே ஆங்கிலத்தில் இன்று மேலோங்கிவிட்டது. தமிழ்க் கிறித்தவ வழக்கு இதற்குப் 'பாடுகள்', 'திருப்பாடுகள்' என்னும் சொற்களைத் தேர்ந்தது. 'படு' என்னும் வினையின் முதல் நீண்டு 'பாடு' எனத் தொழிற்பெயராயிற்று. இலத்தீனிலும் தமிழிலும் 'உறுதல்' என்னும் ஒரே கருத்திலிருந்து இச்சொற்கள் தனித்தனியே பிறந்துள்ளன. தமிழ்ச் சொல் இங்கு மூலச்சொல்லின் அடிப்பொருளைத் தற்கால ஆங்கிலச் சொல்லினும் தெளிவாகக் காத்து நிற்கிறது.

இவ்வொப்புமை இலக்கணக் கலைச்சொற்களிலும் தொடர்கிறது. ஐரோப்பிய இலக்கணங்களில் செயப்பாட்டு வினையைக் குறிக்கும் 'பாஸிவ்' என்னும் சொல்லும், செயலை உறுபவரைக் குறிக்கும் 'பேஷண்ட்' என்னும் சொல்லும் அதே இலத்தீன் வினையின் வழிவந்தவை. தமிழிலும் 'செயப்பாட்டு வினை' என்பதில் உள்ளது 'பாடு'. தொல்காப்பியம் வழங்கும் 'செயப்படுபொருள்' என்பதில் உள்ளது 'படு'. சிலுவைப்பாட்டில் இயேசு செய்பவர் அல்லர், செயப்படுபவர் என்னும் கருத்து இவ்விரு மொழிகளிலும் சொல்லின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. 'பலி' என்னும் சொல் செலுத்துபவரையும் செலுத்தப்படுவதையும் ஒருங்கே வேண்டும். 'பாடு' உறுபவரை மட்டுமே வேண்டும். கிறித்தவ இறையியல் இவ்விரண்டையும் ஒருவரிடமே காண்கிறது. ஆதலின் ஒன்றற்கு ஒன்றை மாற்றாக மொழிபெயர்ப்பாளர் கையாளுதல் கூடாது.

'பாடு' என்னும் சொல்லுக்கும் பொருள்விலகல் நேர்ந்துள்ளது. பொது வழக்கில் 'பாடுபட்டான்' என்றால் கடுமையாக உழைத்தான் என்றே பொருள். துன்பம் உழைப்பாகத் தமிழில் திரிய, துன்பம் வேட்கையாக ஆங்கிலத்தில் திரிந்தது. சமய வழக்கில் மட்டும் பழைய பொருள் இரு மொழிகளிலும் உறைந்து நிற்கிறது.

'மீட்பு' என்னும் சொல்லும் இத்தகைய அரிய பொருத்தம் உடையது. இலத்தீன் 'ரெதிமெரே' என்பதன் பொருள் 'திரும்ப விலைக்கு வாங்குதல்'. தமிழில் அடகு வைத்த நகையை மீட்டல் என்னும் அன்றாட வழக்கு, பணம் செலுத்தித் திரும்பப் பெறுதல் என்னும் அதே கருத்தைத் தருகிறது. சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கும் 'இரட்சிப்பு' காத்தலைக் குறிக்கும் வடசொல். அதில் விலை கொடுத்தல் என்னும் கூறு இல்லை. தியாகம் மீட்பின் விலை என்னும் கருத்து முதன்மை பெறும் இடங்களில் 'மீட்பு' என்பதே பொருளை முழுமையாகத் தாங்கும்.

இனி மலர்ப்பெயருக்கு வருவோம். 'பாடு' என்பதை மலரோடு நேரே சேர்த்துப் 'பாடுமலர்' என்றால், அது பாடுகின்ற மலர் என வினைத்தொகையாகப் பொருள்படும். 'திருப்பாட்டு மலர்' என்றால் வேற்றுமைப் புணர்ச்சியில் டகரம் இரட்டித்து, துன்பத்தைக் குறிக்கும் 'பாடு' இசையைக் குறிக்கும் 'பாட்டு' என்பதோடு வடிவில் ஒன்றிவிடும். எனவே பன்மை விகுதியும் ஆறாம் வேற்றுமை உருபும் பெற்ற 'பாடுகளின் மலர்' என்பதே மயக்கம் தராத வடிவமாகும். சுருக்கம் கருதி இதனைக் குறைத்தல் பொருளைக் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் இக்கொடி இனங்களுக்குச் சமயச் சார்பற்ற பெயர்களும் உள்ளன. மலைப்பகுதிச் சந்தைகளில் பழம் 'தாட்பூட் பழம்' எனப்படுகிறது. வேலிகளில் படரும் சிறிய இனம் 'சிறுபூனைக்காலி' எனப்படுகிறது. ஆகவே பெயர்த்தேர்வு பனுவலின் வகையைப் பொறுத்தமையும். தாவரவியல் நூலில் 'பாஸிஃப்ளோரா' என ஒலிபெயர்த்தலே தகும். சமையல், வேளாண்மை, வணிகம் பற்றிய எழுத்தில் அவ்வப் பகுதி வாசகர் அறிந்த கொடித்தோடை, தாட்பூட் பழம், பேஷன் பழம் ஆகியவற்றுள் ஒன்று ஏற்கும். சமயப் பனுவலில் 'பாடுகளின் மலர்' வேண்டும்.

சிக்கல் மிகுவது இலக்கியப் பனுவலில். சார்லஸ் காலின்ஸ் 1851இல் வரைந்து காட்சிக்கு வைத்த ஓவியத்தில் கன்னித் துறவி ஒருவர் இம்மலரை நோக்கி நிற்கிறார். அங்குச் சமயப் பொருள் மட்டுமே உண்டு. டென்னிசனின் 1855ஆம் ஆண்டுக் கவிதையான 'மாட்' காதலி வரக் காத்திருக்கும் ஒருவனின் கூற்றில் இதே மலரை வாயிலருகே வைக்கிறது. அங்கு வேட்கையும் துன்பமும் ஒருசேர ஒலிக்கின்றன. இத்தகைய இடத்தில் 'காதல் மலர்' என்பது பாதியை மட்டுமே தரும். 'பாடுகளின் மலர்' மறுபாதியைத் தரும். காதலன் படும் பாடும் பாடே ஆதலின், பின்னதே இரண்டிற்கும் ஓரளவு இடந்தரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இயற்கையில் காணப்படும் தியாக, மீட்புக் குறியீடுகளுள் செயலைச் சார்ந்தவை வினைச்சொற்களின் வழியே மொழி கடக்கின்றன. வடிவத்தைச் சார்ந்தவை பெயர்ச்சொல்லையே நம்பியுள்ளன. பாடுகளின் மலர் பின்னதைச் சார்ந்ததாதலின், பெயர் மாறிய மொழிகளில் குறியீடும் மறைந்தது அல்லது வேறொன்றாயிற்று. பூவின் எண்ணமைப்பு எப்பெருங்கதையையும் ஏற்கும் வெற்றிடங்களை அளித்ததேயன்றிக் கதையை அளிக்கவில்லை. அந்த இடங்களை முதலில் நிரப்பியோர் அந்நிலத்து மக்கள் வழங்கிய பெயர்களை ஒதுக்கிவிட்டே நிரப்பினர். 'மரகுஜா' என்னும் பழம்பெயர் இன்றும் சந்தையில் வழங்குவதால் அவ்வொதுக்கம் முழுமை பெறவில்லை.

அகோஸ்தா குறிப்பிட்ட 'சிறிது பக்தியின் துணை' பூவைக் காண்போர்க்கு மட்டுமன்றிப் பெயரைக் கேட்போர்க்கும் வேண்டியதே. அத்துணையைத் தமிழ் வாசகர்க்கு அளிக்கும் ஆற்றல் 'பாடு' என்னும் எளிய சொல்லில் உள்ளது. ஒலிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில் அச்சொல்லை எங்கு வழங்குவது, எங்குத் தவிர்ப்பது என்னும் தெளிவே மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டுவதாகும்.